திரும்பிப் போன கஞ்சி

கச்சான் வீசத் தொடங்கிவிட்டால் மருதமுனையில் பகலில் கடற்காற்றைக் காண முடியாது. மேற்கே வயல்களைத் தாண்டி வரும் அந்தச் சூட்டுக் காற்று, வழியில் உள்ள குசினிகளின் வாசத்தையெல்லாம் வாரிக்கொண்டு கடலுக்குப் போகும். முஸ்பிறாவின் வீட்டுக்கு மேற்கே அவளுடைய ராத்தா உம்முவின் வீடு இருந்தது. நடுவில் ஒரு மதில். உம்மு வெங்காயம் வதக்கினாலும் நெத்தலி பொரித்தாலும் அந்த வீட்டுக்காரருக்கு முன்னால் முஸ்பிறாவுக்குத் தெரிந்துவிடும். சகோதரிகள் இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. மணத்துக்கு அது தெரியாது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஒரே வளவைப் பிரித்து ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளைமார் வந்து சேர்வார்கள். கோபித்துக்கொண்டு தூரமாய்ப் போய் இருக்கவும் வழியில்லை.

அன்று சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டுக்கு வட்டிலப்பம் கேட்டிருந்தார்கள். முஸ்பிறாவின் தொழில் அதுதான். கித்துள் கருப்பட்டியைச் சீவிக் கரைத்து, முட்டை அடித்து, தேங்காயின் முதற்பாலைச் சேர்த்து, மெல்லிய துணியில் வடித்து வைத்திருந்தாள். பெரிய உடம்பு. குசினிக்குள் நின்று வேலை செய்ய முழங்கால் விடாது என்பதால் தடித்த மரக்கதிரை ஒன்றில் உட்கார்ந்துதான் எல்லாம். பிளாஸ்டிக் கதிரைகளை அவள் நம்புவதில்லை. போகும் வீடுகளில் உட்காருமுன் கதிரையின் கால்களை ஒருதரம் பார்த்துக்கொள்வாள்.

"உம்மா, விரல எடுங்க!" மகள் றிஸ்லா வாசலில் நின்று கத்தினாள்.

"வாயில வைக்கல்லடி. மணந்துதான் பாத்த."

"மணக்கிறதும் ஒண்ணா, கூடாது."

"மணத்துக்கும் கொழும்பு டொக்டர் தட போட்டிரிக்காரா?"

"உங்களுக்கு மணக்க விட்டா அடுத்தது நக்குறதுதான். தாங்க, நான் பாக்கன்."

றிஸ்லா சுண்டுவிரலை விட்டு நாக்கில் வைத்தாள். முஸ்பிறா அவளுடைய முகத்தையே பார்த்தாள்.

"இனிப்புக் காணுமா, போதுமா?"

"காணும்."

"ஏலம்?"

"இரிக்கி."

"இரிக்கி எண்டா? முன்னுக்கு வருதா, பின்னுக்கு வருதா?"

"ஏலம் என்ன பஸ்ஸா உம்மா, முன்னுக்கும் பின்னுக்கும் வர?"

முஸ்பிறா சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். இருபது வருடமாகத் தன் நாக்கால் அளந்த கலவையை இப்படி அடுத்தவள் நாக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது வழி தெரியாத ஊரில் கண்ணைக் கட்டி விட்டதுபோல இருந்தது. ஆனாலும் கையைக் கழுவிவிட்டுத் தன் சாப்பாட்டைக் கேட்டாள். அவித்த பாரை மீன் ஒரு துண்டு, எண்ணெயோ தேங்காயோ படாத வல்லாரை, நறுக்கிய கெக்கரி வெள்ளரி. சோறு இல்லை, பாண் இல்லை, சீனி இல்லை, தேங்காய்ப்பால் இல்லை.

வயிற்றைச் சிறிதாக்கும் ஒப்பரேஷனுக்குக் கொழும்பில் நாள் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்திய இரண்டு கிழமையும், பதினாலு நாளும், இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று டொக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஈரலில் கொழுப்பு ஏறி வீங்கிப்போய் அது இரைப்பையின் மேல் படுத்திருக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கீழே வேலை செய்ய வேண்டும். சாப்பாட்டைக் குறைத்தால் ஈரல் சுருங்கி வழிவிடும். "சுருங்காமல் வந்தீங்க என்றால், கமெராவை உள்ளே விட்டுப் பார்ப்பேன். பார்த்துவிட்டு அப்படியே மூடி அனுப்பிவிடுவேன். ஈரலோடு விளையாட மாட்டேன்" என்று அவர் சொன்னதை முஸ்பிறா ஊருக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். வெட்டித் திறந்து, வெறுங்கையோடு தைத்து அனுப்பப்படுவதை நினைக்க அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஒப்பரேஷன் வேண்டும் என்று நின்றவள் அவளேதான். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு ஒரு காரணம். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இன்னொன்று. அவள் யாருக்கும் சொல்லாத காரணம் வேறு. அவள் கதிரையில் இருந்து தொழத் தொடங்கி நாலைந்து வருடமாகிறது. சுஜூதுக்குத் தலையைக் காற்றிலே குனிந்து நிமிர்வாள். நெற்றி தரையில் பட்டு எவ்வளவு காலம்! நோன்பு நாட்களில் மற்றப் பெண்கள் வரிசையாகச் சுஜூதில் விழும்போது தான் மட்டும் அவர்களுடைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளை உள்ளுக்குள் அரித்தது.

பகல் திரும்பியபோது முஸ்பிறாவின் கணவர் மஜீட் வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னே ஐஸ் பெட்டி கட்டி, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை என்று தெருத்தெருவாய் மீன் விற்கிறவர். மனைவிக்கென்று ஒதுக்கிய மீனை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கால் கழுவுவார்.

"இஞ்ச புள்ள, இண்டைக்கு ஒரு சுறா வெட்டின. வயித்தப் பொளந்தா ஈரல்தான். குடல், எரப்பை ஒண்டும் கண்ணுக்குத் தெரியல்ல. ரெண்டு கையாலயும் தூக்கித்தான் மத்ததப் பாத்த. டொக்டர் சொன்ன அதுதானே எண்டு நெனச்சன்."

"அப்ப நான் சுறாவா?"

"சே, நீ பாரை. ஈரல் மட்டும்தான் சுறா."

"இந்த டொக்டர வீட்டுல வெச்சிக்கிட்டா நான் கொழும்புக்குப் போன" என்று முஸ்பிறா மகளிடம் சொன்னாள். அப்போதுதான் முன்வீட்டு நஸீறா ஒரு பீங்கானை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். மூடினாலும் மிளகு மணம் அவளுக்கு முன்னால் வந்தது.

"ஆட்டீரல். மொளகு போட்டுப் பெரட்டியிரிக்கன். சூட்டோட தின்னு."

"என்ன மாமி இது?" றிஸ்லா பீங்கானுக்கும் உம்மாவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"உன்ட உம்மாக்கு ஈரல்ல கொறயாமே. ஈரலுக்கு ஈரல்தானே தெம்பு?"

"ஈரலத் தெம்பாக்குறது இல்ல மாமி, சுருக்குறது."

"சுருக்குறதா?" நஸீறா வாயைப் பிளந்தாள். "ஊருல இரிக்கிறவன் எல்லாம் ஈரலப் பலமாக்க மருந்து தேடித் திரியிறான். நீங்க காசு குடுத்துச் சுருக்கப் போறீங்களா? இது என்ன புதினம் றப்பே!"

"எனக்கிட்டத் தா" என்று மஜீட் கையை நீட்டினார். "என்ட ஈரல் பலமாகட்டும். இவளத் தூக்கி வேன்ல ஏத்துறதுக்கு ஒரு ஆள் தெம்பா இரிக்க வேணாமா?"

அவர் குசினி மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். மனைவிக்கு முன்னால் எதையும் மென்று காட்டக்கூடாது என்று அந்த நாட்களில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முஸ்பிறா கெக்கரியைக் கடித்துக்கொண்டு நஸீறாவோடு ஊர்க்கதை கதைத்தாள்.

முதல் கிழமை தலையிடியும் எரிச்சலுமாகப் போனது. கிளினிக்கில் சீனிக்கான குளிசை மாத்திரையைக் குறைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் கிழமையில் பசி ஓரளவு பழகிவிட்டது. உடுப்பு சற்றுத் தளர்ந்தது. கதிரையிலிருந்து எழும்பக் கதவு நிலையைப் பிடிக்காமல் ஒருநாள் எழும்பினாள். றிஸ்லா கண்டுவிட்டுக் கைதட்டினாள்.

அந்த நேரத்தில்தான் கஞ்சி வந்தது.

முஸ்பிறா உள்ளறையில் லுஹர் தொழுதுகொண்டிருந்தாள். வாசற்படலையில் உம்முவின் கணவர் முகைதீன்பாவா நின்றார். இரண்டு கையிலும் துணி சுற்றி ஒரு மண்சட்டியைப் பிடித்திருந்தார். மதிலைச் சுற்றி, தெரு ஒழுங்கையால், அந்த வெயிலில் சுடுசட்டியோடு நடந்து வந்திருக்கிறார். அதிகம் கதைக்காத மனிதர். மூன்று வருடமாய்ச் சந்தியில் மஜீட்டைக் கண்டால் சலாம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறவர்.

"மகள், உன்ட பெரியம்மா குடுத்த. எறைச்சிக் கஞ்சி. தங்கச்சி சோறு தின்னாம இரிக்காவாம் எண்டு கேள்விப்பட்டு..."

றிஸ்லா படலையை மறித்து நின்றாள். தேங்காய்ப்பாலும் இறைச்சிக் கொழுப்பும் இஞ்சியும் வெந்தயமும் சேர்ந்த மணம் படலையைத் தாண்டிவிட்டது. உம்மா தொழுகையை முடித்து வந்தால் என்ன ஆகும் என்றுதான் அவள் நினைத்தாள்.

"பெரியவாப்பா, கஞ்சியும் அரிசிதானே? உம்மாக்கு ஒண்ணா."

"கஞ்சி சாப்பாடா மகள்? மருந்துதானே. காய்ச்சக்காரனுக்கும் குடுக்குற."

"இதுல தேங்காப்பால், கொழுப்பு எல்லாம் இரிக்கி. டொக்டர் ஏசுவார். உம்மா மணந்தாலே விடமாட்டா. கொண்டு போங்க பெரியவாப்பா, கெதியா. உம்மா வாறத்துக்குள்ள."

அவர் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வந்த வழியே திரும்பி நடந்தார். மூடிக்குக் கட்டிய துணி கட்டியபடியே இருந்தது.

முஸ்பிறா வெளியே வந்து மூக்கை உயர்த்தினாள்.

"கஞ்சி மணக்குதே. எங்கால?"

றிஸ்லா நடந்ததைச் சொன்னாள். காவலில் கெட்டிக்காரி என்ற பெருமை அவளுடைய குரலில் இருந்தது. சொல்லி முடிக்குமுன் உம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெறஞ்ச சட்டிய அப்பிடியே திருப்பிட்டியா?"

"உங்களுக்காகத்தானே உம்மா."

"வாங்கி வெச்சிட்டு வாப்பாக்குக் குடுத்திருக்கலாம். நஸீறாட்டக் குடுத்திருக்கலாம். சட்டியக் கழுவி ரெண்டு துண்டு வட்டிலப்பம் வெச்சி அனுப்பியிருக்கலாம். மூணு வருசத்துக்குப் பொறகு அவ நீட்டின கையடி அது."

அயலில் இருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கமே எங்களிடம் இல்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். நிறைந்தபடி திருப்பினால் அதற்கு ஒரே பொருள்தான். உன்னுடையது எதுவும் எனக்கு வேண்டாம் என்பது. படித்த பிள்ளையான றிஸ்லாவுக்கு ஈரலைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது, இது தெரிந்திருக்கவில்லை.

பின்னேரம் நஸீறா வந்தாள். வரும்போதே முகம் சரியில்லை.

"உம்மு ராத்தா கஞ்சியக் கோழிக்கு ஊத்திட்டா. நான் கண்ணால கண்ட. 'இனி அவள் என்ட மையத்துக்கும் வரப்படாது, நான் அவட மையத்துக்கும் போக மாட்டன்' எண்டு அழுதழுது சொல்றா."

சாவைக் குறிக்கும் மையத்து என்ற சொல் விழுந்ததும் மஜீட் பல்லைக் கடித்தார். "கொழும்புக்குப் போக நிக்கிற பொம்புளயப் பத்திக் கதைக்கிற கதையா இது?"

முஸ்பிறாவின் நினைவு மூன்று வருடத்துக்குப் பின்னால் போயிருந்தது. உம்முவின் மகள் றிபாவின் கலியாணம். அந்தக் கலியாணத்து வட்டிலப்பம் முழுவதும் இவள் கைதான். வேலையை முடித்து, குளித்து, புதுச்சாரி உடுத்து, மணமேடையில் படம் எடுக்க இவள் காலை வைத்தபோது உம்மு ஓடிவந்து கையைப் பிடித்தாள். "நீ ஏறாத தங்கச்சி. பலக தாங்காது." மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முஸ்பிறா காலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மதிலில் இரண்டு வீட்டுக்கும் போய்வர விட்டிருந்த கடப்பை அந்தக் கிழமையே கல் வைத்து அடைக்கச் சொன்னாள்.

கொழும்புக்குப் போகும் நாள் வந்துவிட்டது. பெரிய பயணமோ பெரிய ஒப்பரேஷனோ என்றால் சொந்தம் சுற்றத்தாரிடம் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டுவிட்டுத்தான் போவது. முஸ்பிறா நஸீறாவிடம் கேட்டாள், மஜீட்டின் உம்மாவிடம் கேட்டாள், கூலிக்கு முட்டை அடிக்க வரும் பெண்ணிடமும் கேட்டாள். ஒரு வீடுதான் மிச்சம்.

"தாழ்த்திக் கதச்சவ அவ. நான் போய் மாப்புக் கேக்கவா?" என்றாள் மஜீட்டிடம்.

"அவ வெளியில நிக்கிறவ, புள்ள. நீதான் ஒப்பரேஷனுக்கு உள்ளுக்குப் போறவ. போறவதானே சொல்லிட்டுப் போகணும்."

"அவட வாசல்ல என்ன விடாட்டி?"

"விடாட்டித் திரும்பி வா. ஆனா அந்த நெனப்போட ஊசியப் போட்டுப் படுக்காத."

தான் வருவதாக முஸ்பிறா காலையிலேயே நஸீறா மூலம் சொல்லியனுப்பினாள். பகலானதும் அபாயாவைப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தா இருமினால் கேட்கும். ஆனால் போவதற்குப் படலையால் இறங்கி, ஒழுங்கையால் சுற்றி, நஸீறாவின் வாசலையும் தையற்கடையையும் கடக்க வேண்டும். கச்சான் முகத்தில் அறைந்தது. ஒழுங்கையில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு எடுத்தாள். மூன்றாவது முறை நிற்க வேண்டி வரும் என்று நினைத்த இடத்தில் நிற்காமலே கடந்தாள். றிஸ்லா ஒரு அடி பின்னால் வந்தாள்.

உம்மு வாசலில் நின்றாள். மெலிந்த, நெடிய உடம்பு. கண் வீங்கியிருந்தது.

"வா" என்றாள். வாசலை விட்டு விலகி வழிவிட்டாள்.

உள்ளே பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்திருந்தாள். கலியாண வீடுகளில் நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தாம்பாளம். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பாகு, பொரித்த கோழி. காலையிலிருந்து சமைத்திருக்கிறாள். ராத்தா பிறகுதான் எதையோ நினைத்துக்கொண்டு, ஓடிப்போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்தாள்.

"வேணா. பாயிலயே இரிக்கன்" என்று முஸ்பிறா சொன்னாள். றிஸ்லாவின் தோளையும் சுவரையும் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினாள். தரையில் உட்கார்ந்து எத்தனையோ காலம்.

"ராத்தா, நான் கொழும்புக்குப் போறன். என்ட பக்கத்தால ஏதும் பிழை இரிந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்க. கஞ்சி விசயம் எனக்குத் தெரியா. தொழுதுட்டு வாறத்துக்குள்ள இவள் திருப்பிட்டாள்."

"நான்தான் பெரியம்மா" என்றாள் றிஸ்லா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சட்டியத் திருப்பப்படாது எண்டு எனக்குத் தெரியா."

உம்மு அவளைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்து, இறைச்சித் துண்டு வைத்து, ஒரு பிடி எடுத்துத் தங்கச்சியின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"அப்ப இதத் தின்னு. தின்டா நம்புறன்."

முஸ்பிறாவின் வாய் திறக்கவில்லை. நெய்யும் கறுவாவும் ஏலமும் அவளுடைய முகத்துக்கு நேரே நின்றன. உம்மு பிடியை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள்.

"ஒரு பிடிதானேடி."

"ஒரு பிடியில நிண்டவளா ராத்தா நான்? உனக்குத் தெரியாதா என்ன? ஒண்டு போனா இந்தச் சஹன் காலியாகும். மறுகா வேன்ல வழி நெடுக என்ட வாய் ஓயாது. அவர் தெறந்து பாத்துட்டு மூடிடுவார்."

"எல்லாத்துக்கும் ஒரு டொக்டர். மனசால பொறுத்தவள் தின்னுவாள்."

"பலக கதைய நீ மறந்துட்டியா?"

உம்முவின் கை அப்படியே கீழே இறங்கியது.

"மறக்கல்ல" என்றாள். "அந்தப் பலகயக் கட்டினவன் அரையும் குறையுமா ஆணி அடிச்சத நான் கண்ட. முறிஞ்சி நீ விழுந்தா, அவ்வளவு சனமும் உன்னப் பாத்துச் சிரிக்கும் எண்டு பயந்துதான் சொன்ன."

"சனம் சிரிச்சது நீ சொன்னதுக்குத்தான்."

"ஓம்." உம்மு முகத்தை முக்காட்டால் துடைத்தாள். "ஓம்டி. அது என்ட பிழைதான். நீ மாப்புக் கேட்டு வந்திரிக்காய், கேக்கவேண்டியவ நான்."

முஸ்பிறா கையைக் கழுவத் தண்ணீர் கேட்டாள். றிஸ்லா பதறினாள். "உம்மா, ஒண்ணா!"

"வாய மூடுடி."

முஸ்பிறா வலது கையைச் சஹனில் வைத்தாள். சோற்றை விரல்களால் ஒதுக்கி, இறைச்சியைப் பிய்த்து, கத்தரிக்காய்ப் பாகைத் தொட்டு, அளவாக ஒரு பிடி உருட்டினாள். உருட்டியதை ராத்தாவின் வாயருகே கொண்டுபோனாள்.

"நீ தின்னு. கண்ணப் பாத்தாத் தெரியுது, காலையில இருந்து ஒண்டும் தின்னல்ல. உனக்கும் சீனிதானே? விழுந்து கிடந்தா ஆரு தூக்குற?"

உம்மு மறுக்கப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது. மென்றாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, மென்றாள். முஸ்பிறா அடுத்த பிடியை உருட்டினாள். அதற்கடுத்த பிடியை றிஸ்லாவின் வாயில் திணித்தாள்.

"சோறு கொழஞ்சிட்டு ராத்தா."

"வாயில வைக்காமலே பிழை சொல்றத்துக்கு வந்துட்டாள், வட்டிலப்பக்காரி."

"கையில ஒட்டுதே. தண்ணி கூட விட்டிரிக்காய். கோழிக்கு உப்புக் காணாது."

"உப்பு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ எந்தக் காலத்துல உப்புக் காண வெச்ச?"

உம்முவுக்குச் சிரிப்பு வந்து சோறு புரையேறியது. றிஸ்லா ஓடிப்போய் அவளுடைய உச்சியில் தட்டினாள். இருமலும் சிரிப்பும் அடங்கும்வரை முஸ்பிறா சஹனில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு பருக்கையும் அவளுடைய வாய்க்குப் போகவில்லை.

வெளியே மஜீட் வேன் வந்துவிட்டதென்று ஹோர்ன் அடிக்கச் சொன்னார். முஸ்பிறா எழும்ப வேண்டும். இடது கையைத் தரையில் ஊன்றினாள். முழங்கால் மடங்க மறுத்தது. றிஸ்லா கையை நீட்டினாள். உம்மு அவளை ஒதுக்கிவிட்டுத் தங்கச்சிக்கு முன்னால் குந்தியிருந்து தோளைக் கொடுத்தாள்.

"என்னப் புடி."

முஸ்பிறா அந்த மெலிந்த தோளைப் பார்த்தாள். கதிரைக் கால்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"தாங்குமா ராத்தா?"

"தாங்கும். நல்லாப் பாரம் போட்டு எழும்பு."

முதல் தரம் சரிந்தது. இரண்டாவது தரம் உம்மு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அவளோடு சேர்ந்து முஸ்பிறாவும் எழுந்தாள். நேராக நின்ற பிறகும் சற்று நேரம் இருவரும் கையை எடுக்கவில்லை.

"வரக்குள்ள ஒழுங்கையால சுத்தாத" என்றாள் உம்மு. "கடப்பத் தெறந்து வைக்கச் சொல்றன்."

வேன் புறப்படும்போது நஸீறாவும் அயலாரும் படலையடியில் நின்று துஆச் செய்தார்கள். உம்மு எல்லோருக்கும் முன்னால் நின்றாள். அவளுடைய வெள்ளைச் சட்டையின் தோளில் நெய்யும் கறியுமாக ஐந்து விரலும் பதிந்திருந்தன. நஸீறா அதைக் காட்டி, "ராத்தா, தோள்ல கறி" என்றாள்.

"இரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உம்மு வேன் திரும்பும்வரை அந்தத் தோளின் கையை அசைத்துக்கொண்டிருந்தாள்.